பகல்ல ஆபீஸ், ராத்திரி டிஜே: ஒரு டாக்டரா நான் சொல்ல வேண்டியது

சென்னைல ஓஎம்ஆர் பக்கம் பிராக்டிஸ் பண்றதால என்கிட்ட வர்றவங்கள்ல நெறைய பேரு ஐடி ஆளுங்கதான். தலைவலி, அசிடிட்டி, படபடப்பு, எதுலயும் கவனம் நிக்க மாட்டேங்குதுன்னு வருவாங்க. பிளட் டெஸ்ட்ல எல்லாம் நார்மலா இருக்கும், அப்புறம் கொஞ்சம் பேச்சு குடுத்தா மெதுவா வெளிய வரும்: ஈசிஆர் ரிசார்ட் பார்ட்டிங்கள்ல டிஜே, கல்யாண ரிசப்ஷன்ல மைக் புடிச்சு நிகழ்ச்சிய நடத்துற எம்சீ, ஆர்கெஸ்ட்ரால கீபோர்டு, ஸ்டார் ஹோட்டல் பார்ல பார்டெண்டர், நல்ல உடம்பு இருந்தா பவுன்சர். ஈஎம்ஐக்காக போறவங்க இருக்காங்க, மியூசிக் இல்லாம இருக்க முடியாதுன்னு போறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே நியாயமான காரணம்தான், அதனால இத விடுங்கன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல. ஆனா எவ்ளோ நேரம் தூங்குறீங்கன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்க, "வீக்எண்ட்ல கம்மிதான் டாக்டர், சண்டே தூங்கி சரி பண்ணிடுவேன்". இந்த ஒரு நம்பிக்கைய பத்தித்தான் இவ்ளோ எழுதுறேன்.

சண்டே பகல் 2 மணி வரைக்கும் தூங்கினா அசதி கொஞ்சம் போகும், உண்மைதான். ஆனா உடம்புக்குள்ள ஓடுற கடிகாரம் அதுக்குள்ள பின்னாடி தள்ளிப் போயிடும், அன்னிக்கு ராத்திரி 11 மணிக்கு படுத்தா தூக்கம் வராது, 2 மணிக்கு மேலதான் கண்ணு சொக்கும், மண்டே காலைல 9 மணிக்கு டீமோட பேசுற ஸ்டாண்ட்அப் கால்ல உடம்பு மட்டும் இருக்கும் மூளை இருக்காது. செவ்வாய் புதன் வாக்குலதான் பழைய நெலமைக்கு வருவாங்க, வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்ட்டி. ஆக இவங்க வாரக் கடைசில மட்டும் ராத்திரி வேலை பாக்கல, வாரம் பூரா ஷிஃப்ட் மாறிட்டே இருக்குற ஆளு மாதிரிதான் இருக்காங்க.

இதுல மோசமான விஷயம் என்னன்னா, தூக்கம் கொறையுறது நமக்கே தெரியாது. 2003ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஆளுங்கள தெனம் 6 மணி நேரம் மட்டும் தூங்க விட்டு 14 நாள் வச்சு பாத்தாங்க. கடைசில அவங்க கவனம், ரியாக்‌ஷன் ஸ்பீடு எல்லாம் ஒன்னு ரெண்டு ராத்திரி தொடர்ந்து கண்ணே மூடாம இருந்தவங்க அளவுக்கு கொறைஞ்சு போயிருந்துச்சு, ஆனா அவங்கள கேட்டா கொஞ்சம் அசதி அவ்ளோதான்னு சொல்லியிருக்காங்க. என் முன்னாடி உக்காந்து "எனக்கு 5 மணி நேரம் போதும் டாக்டர், பழகிடுச்சு"ன்னு சொல்றவங்களப் பாத்தா எனக்கு இதுதான் ஞாபகம் வரும். பழகுறது அந்த அசதி உணர்ச்சி மட்டும்தான். எழுதுற புரோகிராம்ல தப்பு விடுறது, கிளையன்ட் மெயில்ல தப்பான ஃபைல அட்டாச் பண்றது, சின்ன விஷயத்துக்கு டீம்ல எரிஞ்சு விழறது, இதெல்லாம் ஒன்னும் பழகாது, கூடிட்டேதான் போகும்.

இப்ப நான் ரொம்ப பயப்படுற விஷயத்துக்கு வரேன், வீட்டுக்குத் திரும்பி வர்ற அந்த ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை காலைல 7 மணிக்கு எந்திரிச்சு, ஆபீஸ் முடிச்சு, சவுண்ட் செக் போயி, பார்ட்டி முடிச்சு, கன்சோல் கேபிள் எல்லாம் கட்டி வண்டில ஏறும்போது ராத்திரி 1 மணி தாண்டிடும், அதாவது 18 மணி நேரத்துக்கு மேல முழிச்சிருக்கீங்க. 1997லயே ஆஸ்திரேலியால அளந்து பாத்திருக்காங்க, 17 மணி நேரம் முழிச்சிருந்தா மூளையோட வேகம் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்குற ஆளு அளவுக்கு வந்துடுது, 24 மணி நேரம் ஆனா 0.10 சதவீதம். நம்ம ஊரு சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ், அதாவது 0.03. ஒரு சொட்டு கூட குடிக்காம, ஊதச் சொன்னா சுத்தமா ஜீரோ காட்டுற ஆளு, அந்த லிமிட்டத் தாண்டின ஆளு மாதிரிதான் ஈசிஆர்ல வண்டி ஓட்டிட்டு வர்றாரு. மூணு செகண்டு கண்ணு சொக்குனா 60 கிலோமீட்டர் வேகத்துல வண்டி 50 மீட்டர் தானா ஓடியிருக்கும். கண்ணு தெறந்திருக்கும்போதே மூளை தூங்கிடும், அது எந்த நிமிஷம் வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. ஜன்னல தெறந்து விடுறது, பாட்ட சத்தமா வைக்கிறது, முகம் கழுவுறது எதுவும் இத நிறுத்தாது. தயவு செஞ்சு அந்த நேரத்துல பைக் எடுக்காதீங்க. கேப் காச ரேட் பேசும்போதே சேத்து பேசுங்க, ஈவென்ட் மேனேஜர் முறைச்சாலும் பரவால்ல. அது நடக்கலன்னா அங்கயே ஒரு ஓரமா படுத்து ஒன்றரை மணி நேரமாவது தூங்கிட்டு, எந்திரிச்சதும் மந்தம் தெளியுற வரைக்கும் கொஞ்ச நேரம் இருந்துட்டு கெளம்புங்க. வீட்ல லேட்டாச்சேன்னு திட்டுவாங்க, திட்டட்டும்.

தூக்கத்த தள்ளிப் போட காபி, எனர்ஜி டிரிங்க். காபில இருக்குற கஃபீன் பாதி கொறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ராத்திரி 11 மணிக்கு குடிச்சா விடிகாலை 4 மணிக்கும் பாதி உள்ளயேதான் இருக்கும், அப்ப படுத்தாலும் ஆழ்ந்த தூக்கம் வராது. எனர்ஜி டிரிங்க் டப்பாலயே ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல வேணாம்னு போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க. கெஸ்ட் யாராவது அன்பா குடுக்குற பெக்கோட அத கலந்து குடிக்கிறது இன்னும் ஆபத்து, போதை ஏறுறது தெரியாம தெளிவா இருக்கோம்னு தோணும்.

மாத்திரை விஷயம் இன்னும் மோசம். முழிச்சிருக்க மோடஃபினில், வந்து படுத்தா தூங்குறதுக்கு அல்ப்ரஸோலம்னு ஃபிரெண்ட் குடுத்தத போட்டுக்கிறவங்கள நான் பாக்குறேன். ரெண்டுமே டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து. அல்ப்ரஸோலம் குடியோட சேந்தா மூச்சு விடுறதே கொறைஞ்சு போகும், தூக்கத்துலயே உயிர் போயிடலாம். மோடஃபினில் கருத்தடை மாத்திரையோட வேலைய கெடுக்கும், இத எம்சீ பண்ற பொண்ணுங்க கிட்ட யாரும் சொல்றதே இல்ல.

அப்புறம் காது, டிஜேங்களும் பார்ல நிக்கிறவங்களும் இத கவனமா படிங்க. 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், அமெரிக்கால தொழில் பாதுகாப்புக்கு போட்ட கணக்கு இது. அப்படி பாத்தா 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். கன்சோல் பின்னாடி மானிட்டர் ஸ்பீக்கர் பக்கத்துல நாலு மணி நேரம் நிக்கிறவங்களுக்கு என்ன ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. வீட்டுக்கு வந்து படுக்கும்போது காதுக்குள்ள கொய்ய்ய்னு சத்தம் கேக்குதுல்ல, அது காது அடி வாங்கியிருக்குன்னு அர்த்தம். காலைல நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க, உள்காதுல சத்தத்த உணர்ற ரோம செல்லுங்க ஒரு தடவ செத்துட்டா மறுபடி மொளைக்காது. மொதல்ல போறது ஹை ஃப்ரீக்வென்சி, அதாவது கீச்சுன்னு இருக்குற சத்தங்கள கேக்குற திறன், அதனால பேசுற சத்தம் கேக்கும் ஆனா வார்த்தை புரியாது, டீம் கால்ல "சாரி, கம் அகெய்ன்"னு கேட்டுட்டே இருப்பீங்க, நெட் பிரச்சனைன்னு நெனைப்பீங்க. மியூசிஷியன்ஸ் இயர்பிளக்னே தனியா இருக்கு, சத்தத்த மட்டும் கொறைக்கும், பாட்டோட டோன் மாறாது. ஹெட்ஃபோனுக்கு செலவு பண்றதுல சின்ன பங்கு போதும் அதுக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ ஆடியோகிராம், அதாவது காது கேக்குற டெஸ்ட், எடுத்துடுங்க.

ஆபீஸ்ல மறைக்கிறதும் உடம்ப பாதிக்குது, அதனால அதையும் சொல்லணும். எவனாவது ரீல் போட்டு டேக் பண்ணிடுவானோன்னு பயந்துட்டே இருக்குறவங்களுக்கு லீவு கேக்கக் கூட தைரியம் வராது, ராத்திரி பூரா முழிச்சுட்டு காலைல லாக்இன் பண்ணிடுவாங்க. 2022ல விப்ரோ 300 பேர வேலைய விட்டு அனுப்புனதுல இருந்து இந்த பயம் கூடிடுச்சு. ஆனா அது போட்டி கம்பெனிக்கு வேலை பாத்தாங்கன்னு எடுத்த நடவடிக்கை, அதே வருஷம் இன்ஃபோசிஸ் முன்கூட்டியே அனுமதி வாங்கிட்டு, தொழில்ல மோதாத வெளி வேலை பண்ணலாம்னு சொன்னாங்க. உங்க கம்பெனி அப்பாயிண்ட்மென்ட் ஆர்டர்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவ ஒழுங்கா படிங்க, வழி இருந்தா எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிடுங்க.

என்கிட்ட வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: வாரத்துல ஒரு ராத்திரிக்கு மேல ஒத்துக்காதீங்க, முடிஞ்சா வெள்ளிய விட்டுட்டு சனிக்கிழமைய எடுங்க, அன்னிக்கு மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கிட்டு போங்க. ஞாயித்துக்கிழமை எவ்ளோ லேட்டா படுத்திருந்தாலும் 10 மணிக்குள்ள எந்திரிச்சு வெயில்ல கொஞ்சம் நடங்க, பாக்கி தூக்கத்த மத்தியானம் 3 மணிக்குள்ள முடிச்சுக்கோங்க. சர்க்கரை, பிரஷர், வலிப்பு இருக்குறவங்க, மனசுக்கு மாத்திரை எடுக்குறவங்க மட்டும் டாக்டர கேக்காம ராத்திரி வேலைய ஒத்துக்கவே வேணாம், தூக்கம் கெட்டா இதெல்லாம் சீக்கிரம் கைய மீறும்.

மூணு வாரத்துக்கு மேல தூக்கம் சரியில்லன்னா டாக்டர பாருங்க. வரும்போது ரெண்டு வாரம் எப்ப படுத்தீங்க எப்ப எந்திரிச்சீங்க, எத்தன காபி, எந்த ராத்திரி வெளி வேலைன்னு எழுதிட்டு வாங்க, குறட்டை விடுறீங்களான்னு வீட்ல கேட்டுட்டு வாங்க. வெளி வேலை விஷயத்த டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, நீங்க எங்ககிட்ட சொல்றத உங்க அனுமதி இல்லாம நாங்க எச்ஆர்கிட்ட சொல்லக் கூடாது, தெரிஞ்சாத்தான் சரியான வைத்தியம் பண்ண முடியும்.