ஜாதகம் எடுக்கும்போதே மாத்திரைச் சீட்டையும் எடுங்கள்

மஞ்சள் தடவிய பத்திரிகையை என் மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு டாக்டர். மாத்திரையை நிறுத்திடலாமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தலை நிமிரவே இல்லை. பதினாறு வயதில் என்னிடம் வந்த பெண். அப்போதெல்லாம் காலையில் எழுந்த அரைமணி நேரத்துக்குள் கை வெடுக்கென்று துள்ளும். காபி டம்ளர் எகிறிப் போய் விழும். கவனமில்லாதவள் என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். பொதுத்தேர்வுக்காக விடிய விடியப் படித்த ஒரு காலையில் பெரிய வலிப்பே வந்துவிட்டது. டம்ளர் விழுந்ததற்கும் இதுதான் காரணம் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. இளம் வயதில் தொடங்கும் இந்த வகை வலிப்பு மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் மாத்திரையை விட்டால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். வேறு மருந்து கொடுத்துப் பார்த்தும் துள்ளல் முழுதாக நிற்காததால் கடைசியில் வால்ப்ரோயேட் எழுதினேன். நின்றது. அன்றைக்கே சீட்டின் மேல்மூலையில், "திருமணப் பேச்சு தொடங்கும்போது வந்து பார்க்கவும்" என்றும் எழுதிக் கொடுத்தேன்.

பேச்சு தொடங்கி, நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அடித்த பிறகுதான் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. அந்த அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு நாளில் செய்ய முடியாத வேலை ஒன்று இருந்தது.

வலிப்பு உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று யார் கேட்டாலும் என் பதில் 'தாராளமாக' என்பதுதான். வலிப்போடு வாழும் தாய்மார்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் நல்ல குழந்தையைப் பெற்றெடுக்கிறார்கள். பக்கத்து மாநிலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனத்தில் 1998 முதல் இப்படிப்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்து பின்தொடர்ந்து வருகிறார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு எந்த மருந்து எப்படிப் பொருந்துகிறது என்று எங்களைப் போன்ற மருத்துவர்கள் கற்றுக்கொண்டதில் அந்தப் பதிவேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். குழந்தைக்கு முன்னால் ஒரு வருடம் எனக்குக் கொடுங்கள்.

ஏன் ஒரு வருடம்? குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், மெடிக்கலில் கார்டு வாங்கிப் பார்த்து, மாமியாரிடம் சொல்வதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். அதனால் இந்தக் குழாயில் வரும் குறையைத் தடுக்க, கர்ப்பம் உறுதியான பிறகு மருந்தை மாற்றுவதில் பெரிய பயன் இல்லை.

எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மார்களுக்கே 100 குழந்தைகளில் 2 அல்லது 3 குழந்தைகளுக்கு ஏதாவது பிறவிக் குறை இருக்கும். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் சாப்பிடுகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கார்பமாசெபினுக்கு 5, ஃபெனிடாயினுக்கும் ஃபீனோபார்பிடோனுக்கும் 6 என்ற கணக்கில் வரும். வால்ப்ரோயேட்டுக்கு 10. டோஸ் கூடக்கூட அதற்கும் மேலே போகும். உடல் குறை மட்டும் அல்ல. வயிற்றில் இருக்கும்போது வால்ப்ரோயேட் பட்ட குழந்தைகளில் 100க்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, நடத்தை என்று வளர்ச்சியில் ஏதாவது சிக்கல் வருகிறது. டோபிராமேட்டிலும் உதட்டுப் பிளவு, எடைக் குறைவு போன்ற கவலைகள் உண்டு. தங்கள் மகள் சாப்பிடும் மாத்திரையின் கடைப்பெயர் எல்லாப் பெற்றோருக்கும் தெரியும், உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் பலருக்குத் தெரியாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே, குழந்தைக்கு ஆகாது என்று தானாக மருந்தை விட்டுவிட்டு, நாலாவது நாள் வலிப்பு நிற்காமல் ஆம்புலன்ஸில் வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். தாய்க்கும் குழந்தைக்கும் மாத்திரையைவிட அந்த வலிப்பு பல மடங்கு ஆபத்தானது. உயிரே போகக்கூடும். மருந்தை மாற்ற வேண்டுமென்றால் பழையதை மெதுவாக இறக்கி, புதியதை மெதுவாக ஏற்றி, வலிப்பு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு வருடம்.

சரி, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா?

"சொன்னா யார் கட்டுவாங்க டாக்டர்?" என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதில், சொல்லாமல் கட்டிய பிறகு நடப்பதுதான். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டை பட்டுப்புடவை மடிப்புக்குள் போகிறது, பொட்டு டப்பாவுக்குள் போகிறது. கணவர் தூங்கட்டும் என்று காத்திருந்து இரவு மாத்திரை தவறுகிறது. மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று ஊர் ஊராகப் போகிறபோது அட்டையையே மறந்துவிடுகிறார்கள். யாராவது பார்த்துக் கேட்டால் "நரம்பு மாத்திரை, சத்து மாத்திரை." வலிப்பு வருவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பல வருடமாக நன்றாக இருந்த பெண் கல்யாணமான முதல் மாதத்தில், முன்பின் அறியாத வீட்டில், எல்லார் கண் முன்னாலும் விழுகிறாள். கூடியிருப்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையில் சாவியைத் திணிக்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் போடாமல், ஐந்து நிமிடத்துக்குள் நிற்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும். அதைக்கூட அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாகிற காரணங்களில் வலிப்பும் இருந்தது. 1999இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது; சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கியது. ஆக, வலிப்பு இருப்பதால் ஒரு திருமணம் செல்லாது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றினார்கள் என்று வழக்குப் போட இன்னமும் இடம் இருக்கிறது. சட்டம் வலிப்புக்காரரின் பக்கம் வந்துவிட்டது. மறைத்தால் அந்தப் பாதுகாப்பை நாமே பலவீனப்படுத்துகிறோம்.

எப்போது சொல்வது? பெண் பார்க்க வந்த அன்று காபி கொடுக்கும்போதே சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் முன் சொல்லிவிடுங்கள். தரகரோ பெரியப்பாவோ வேண்டாம், கட்டிக்கொள்ளப் போகிற இருவரும் நேராகப் பேசுவதுதான் நல்லது. "எனக்கு வலிப்பு இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடுறேன், கடைசியா வந்து இத்தனை வருஷமாச்சு, டாக்டரை நீங்களே வந்து கேளுங்க." இவ்வளவு போதும். வந்து கேட்ட மாப்பிள்ளைகள் உண்டு. கேட்டுவிட்டு வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. அந்த வலியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் அறையிலேயே உட்கார்ந்து அழுத பெண்கள் இருக்கிறார்கள். ஆனாலும், விழுந்து எழுந்த மறுநாள் பெட்டியோடு தாய்வீட்டில் கொண்டுவந்து விடப்பட்ட பெண்களையும் எனக்குத் தெரியும். முன்னது ஆறிவிடும்.

இன்னொரு வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. "அத்தை பையனுக்கே கொடுத்துட்டா விஷயம் வெளியே போகாது" என்பார்கள். இதில் யோசிக்க வேண்டியது இருக்கிறது. பெரும்பாலான வலிப்பு பரம்பரையாக வருவதில்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல், நாடாப்புழு முட்டையால் மூளையில் வரும் கட்டி ஆகியவை நம் நாட்டில் சாதாரணமான காரணங்கள். இவை குழந்தைக்குப் போகாது. மரபுக் காரணம் உள்ள வகைகளையும் சேர்த்தேகூட, பெற்றோரில் ஒருவருக்கு வலிப்பு இருந்தால் 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு வரலாம். மற்ற குடும்பங்களில் அது 1 அல்லது 2. ஆனால் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வலிப்போ வளர்ச்சிக் குறைவோ இருந்தால், சொந்தத்துக்குள் கட்டும்போது சில அரிய மரபு நோய்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. ரகசியம் காப்பதற்காகச் சொந்தத்தில் கொடுக்காதீர்கள். மரபணு ஆலோசனை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆண்களைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. மகனுக்கு வலிப்பு என்றால் "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று கட்டிவைக்கிறார்கள். சரியாகாது. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் சொல்ல வேண்டிய கடமை உண்டு. சில மருந்துகள் ஆண்களுக்கும் தாம்பத்திய ஆர்வத்தையும் விந்தணுவையும் பாதிக்கலாம். கூச்சப்படாமல் கேட்டால் வழி இருக்கிறது.

கல்யாண நாளுக்கு வருவோம். தூக்கமின்மை வலிப்புக்கு நெருங்கிய கூட்டாளி. முந்தைய நாள் வரவேற்பு இரவு பதினொன்று வரை, அலங்காரத்துக்கு இரண்டு மணிக்கு எழுப்புவார்கள், நாலரை ஆறு முகூர்த்தம், அதுவரை வெறும் வயிறு. காலையில் கை துள்ளும் பெண்ணை இப்படி மணவறையில் உட்கார வைப்பது பெரிய ஆபத்து. ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம் பாருங்கள், வரவேற்பைத் தாலி கட்டிய அன்று மாலைக்குத் தள்ளுங்கள். மாத்திரைக்கு ஒரு அக்காவோ தோழியோ பொறுப்பாக இருக்கட்டும்.

குழந்தையைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிடோன் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. லாமோட்ரிஜின் சாப்பிடுகிறவருக்கோ கருத்தடை மாத்திரை அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். காப்பர்-டி நல்ல வழி.

அந்தப் பெண்ணிடம், "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டேன். "அவர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை தன் அக்காவோடு வந்தார். ஒரு மணி நேரம் கேட்டார்கள். வலிப்பு வந்தால் எப்படிப் படுக்கவைப்பது என்று அக்காதான் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். கல்யாணம் நடந்தது. குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். வால்ப்ரோயேட்டை இறக்கி, லெவெடிராசெட்டமும் லாமோட்ரிஜினும் ஏற்றி முடிக்க எட்டு மாதமானது. நடுவில் இரண்டு காலைகளில் கை துள்ளியது. டோஸைச் சரிசெய்தோம். அப்புறம் ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் தொடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் குழந்தைக்குச் சரி என்றேன். கர்ப்பத்துக்கு முந்தைய 9 மாதமாவது வலிப்பில்லாமல் இருந்தவர்களில் 84 முதல் 92 சதவீதம் பேர் கர்ப்ப காலம் முழுக்க அப்படியே இருக்கிறார்கள். அந்தக் கணக்கும் அவள் பக்கம் சேர வேண்டும் என்று காத்திருந்தோம்.

கர்ப்பத்தில் லாமோட்ரிஜினின் அளவு ரத்தத்தில் வேகமாக இறங்கும், சிலருக்குப் பாதியாகக்கூட. அதனால் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். "மாசமா இருக்கிறப்போ மாத்திரையைக் கூட்டுறாங்களே" என்று பயந்து பழைய அளவையே சாப்பிடுகிறவர்கள் உண்டு. கூட்டுவது ரத்தத்தில் மருந்தின் பழைய அளவைத் தக்கவைக்கத்தான். மாத்திரை போட்டவுடன் வாந்தி வந்தால் என்ன செய்வதென்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனின்போது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லுங்கள். இதயம், முதுகுத்தண்டு, உதடு என்று தேடிப் பார்ப்பார்.

வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பையில் மாத்திரை இருக்கட்டும். எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொன்னாலும் இந்த மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். தாய்ப்பால் கட்டாயம் கொடுக்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகான முதல் ஆறு வாரம்தான் எனக்கு அதிகக் கவலை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்தால் எந்த மாத்திரையும் தாங்காது. மாலையில் எடுத்து வைத்த பாலை நள்ளிரவில் கணவரோ பாட்டியோ கொடுத்தால், தாய் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கலாம். பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுங்கள். துணி மாற்றுவதும் தரையிலேயே. காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டும் வேலையைப் பாட்டியிடமே விட்டுவிடுங்கள். தனியாக இருக்கும்போது பிள்ளையை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டாம்.

கர்ப்பத்தில் கூட்டிய லாமோட்ரிஜினைப் பிரசவமானதும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் என்று வரும். கையில் குழந்தையோடு தள்ளாடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் இது பல நேரம் விட்டுப்போகிறது. அந்தப் பெண்ணின் சீட்டிலும் இல்லை.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு போன் வந்தது. அவளுடைய மாமியார். "டாக்டர், ஆம்பளைப் பிள்ளை, மூணு கிலோ. அந்த மாத்திரையைக் குறைக்கணும்னு சொல்லியிருந்தீங்களே, இன்னிக்கு ராத்திரியே குறைக்கணுமா?"