பிளே என்றால் விளையாட்டா?

சிங்கப்பூரின் சாங்கியில் ஒரு நண்பரின் பாய்மரப் படகு கட்டிக் கிடக்கிறது. படகுக்கு முப்பது வயதுக்கு மேல்; உள்ளே இருக்கும் டீசல் இன்ஜினுக்கும் அதே வயது. கியர் பிடியை முன்னால் தள்ளினால் முதல் ஓர் அங்குலத்துக்கு ஒன்றுமே நடக்காது. அதற்கப்புறம்தான் கீழே கியர்பாக்ஸின் கை சோம்பலாக அசையும்.

"லூஸாயிருக்கு, இறுக்கிடலாம்" என்றேன். செம்பவாங்கில் கப்பல் பட்டறை ஃபிட்டராக இருந்த அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்திருந்தார். இன்ஜின் பெட்டிக்குள் விட்ட தலையை எடுக்காமலே சொன்னார்: "லூஸ் இல்ல தம்பி, ஆட்டம். ஸ்பானர் போட்டா போவாது."

இன்ஜின் கையேட்டில் இதற்குப் பெயர் 'ஃப்ரீ பிளே'. கைப்பேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியிடம் கேட்டேன். 'இலவச விளையாட்டு' என்றது. சிரித்தாலும், அது தொட்ட இடம் தவறில்லை என்று பிறகு தோன்றியது.

ஆங்கில 'பிளே', பழைய ஆங்கிலத்தின் 'பிளெகன்' என்ற வினையிலிருந்து வந்தது. விளையாடுவது மட்டுமல்ல, விரைந்து அசைவதும் அதன் பொருள். பிரெஞ்சில் 'ழே', ஜெர்மனில் 'ஷ்பீல்': இரண்டும் விளையாட்டைக் குறிக்கும் சொற்கள், இரண்டையும் இயந்திரத்தில் இந்தத் தேவையற்ற அசைவுக்கும் சொல்கிறார்கள். தமிழில் 'ஆடு' என்ற வேர் இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டது. பிள்ளை ஆடும், ஊஞ்சல் ஆடும், நாற்காலிக் கால் ஆடும், விழப்போகிற பல் ஆடும். அகநானூற்றில் கபிலர் 'ஆடமை' என்கிறார். காற்றில் அசையும் மூங்கில். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'ஆட்ட' என்றால் விளையாட்டு. ஆக, 'பிளே'க்குத் தமிழ் தேடுகிறவர் 'விளையாட்டு' வரை போக வேண்டாம். அதற்குள்ளேயே இருக்கும் 'ஆட்டம்' போதும். புதுச்சொல் ஆக்கவும் வேண்டாம். பட்டறையில் அது ஏற்கெனவே புழங்குகிறது.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி. மரை கழன்று நெகிழ்ந்திருந்தால் அது தளர்வு, இறுக்கினால் தீரும். மூட்டில் செருகும் பின்னுக்கும் அது நுழையும் துளைக்கும் நடுவே இருப்பது இடைவெளி, அதை அளக்கலாம். அந்த இடைவெளி அனுமதிக்கிற அசைவுதான் ஆட்டம். மலாய்க்காரர் 'லொங்கார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். நமக்கு மூன்று இருக்கும்போது மூன்றையும் வைத்துக்கொள்வோமே.

அண்ணன், பிடியையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கேபிளின் முனையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முனையில் கவை. உண்டிகோலுக்கு வெட்டும் கவட்டைபோல இரண்டாகப் பிரிந்த இரும்பு, 'கிளெவிஸ்' என்பது இதைத்தான். அதற்குள் போகும் கால் அங்குலப் பின்னின் நடுவில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து படி விழுந்திருந்தது, நகத்தால் தடவினால் தட்டியது. கவையின் துளை முட்டை வடிவம். ஒரு மூட்டில் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் அப்படி நான்கு மூட்டு. பிடியோ உள்ளே இருக்கும் கையைப்போல ஐந்து மடங்கு நீளம். பெருக்கிப் பார்த்தால் அந்த ஓர் அங்குலத்தின் பெரும்பகுதி கணக்கில் வந்துவிடுகிறது.

இதில் ஆபத்தும் உண்டு. இத்தகைய சிறிய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் கூம்பு வடிவக் கிளட்ச். கியர்பாக்ஸின் கை முழுத் தூரம் போகாவிட்டால் கூம்பு பாதி கவ்வி வழுக்கும், வழுக்கி வழுக்கி அதன் முகம் பளபளப்பாகிவிடும். பிறகு முழுக்கத் தள்ளினாலும் பிடிக்காது. ஒரே பிடியில் கியரும் வேகமும் இருக்கும் படகுகளில் இன்னும் மோசம், கிளட்ச் கவ்வி முடிக்கும் முன்பே இன்ஜின் உறும ஆரம்பித்துவிடும்.

வேலை ஒரு மாலைக்குள் முடிந்தது. முட்டைத் துளையை வட்டமாகத் துளைத்து 'புஷ்' எனும் சிறு வெண்கலக் குழலை இறக்கினார். பின்கள் புதிது. அவை நழுவாமலிருக்க ஸ்ப்ளிட் பின். மாட்டுவண்டிச் சக்கரம் கழலாமல் அச்சின் முனையில் செருகும் கடையாணி செய்வதும் இதே வேலைதான். கடைசியாக, இன்ஜினை நிறுத்தி வைத்து, நடுநிலையிலிருந்து முன்னும் பின்னும் கை ஒரே தூரம் போகும்படி கேபிளைச் சரிசெய்தார்.

நான் மேலே போய்ப் பிடியை அசைத்தேன். அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது பட்டறைக் கணக்கு. முன்பு எட்டு நூல் ஓடிய பிடி இப்போது ஒன்றோடு நின்றது.

"அண்ணே, இன்னும் ஒரு நூல் ஆடுதே?"

"அது நான் விட்டது. அதுவும் இல்லைன்னா மூட்டு இறுகிப் பிடிச்சுக்கும்."