மூடாத அடைப்புக்குறி

பெருங்குடியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு ரிப்போர்ட் புரோகிராம் ஓடும். பத்து நிமிட வேலைதான். ஒருநாள் ஒன்பதரை ஆகியும் முடியவில்லை. புரோகிராம் தன் வேலையைக் குறித்து வைக்கும் லாக்கில் "தொடங்கியது" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. சிபியுவும் சும்மா கிடந்தது.

"கில் பண்ணிட்டு திரும்ப ஓட்டிடலாமாண்ணா?" என்றான் பக்கத்து சீட் தம்பி.

"இருப்பா, என்னதான் பண்ணுதுன்னு பாத்துடலாம்."

உபுண்டு லினக்ஸ் என்பதால் அட்மின் அனுமதிக்கு சூடோ போட்டு, ஹைஃபன் பி-க்குப் பின்னால் அந்த புரோகிராமின் எண்ணைக் கொடுத்து, ஓடும் புரோகிராம் என்ன செய்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸ் (strace) கருவியை ஓட்டினேன். வந்தது ஒரே வரி: ரீட்(7,

அவ்வளவுதான். அடைப்புக்குறிகூட மூடவில்லை. ஆனால் விடை அதிலேயே இருந்தது.

ரேஷன் கடையில் நாமே உள்ளே போய் அரிசி அள்ள முடியாது. கார்டை நீட்டிக் கேட்க வேண்டும். லினக்ஸிலும் அப்படித்தான். டிஸ்க்கையோ நெட்வொர்க்கையோ புரோகிராம் நேரடியாகத் தொட முடியாது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தக் கேள்விதான் சிஸ்டம் கால். நாம் பயன்படுத்தும் 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு: ரீட் 0, ரைட் 1, ஃபைலைத் திறக்கும் ஓப்பன்அட் 257. அந்த எண்ணை ஆர்ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் (சிபியுவுக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடம்) வைத்து, விவரங்களை வேறு ரெஜிஸ்டர்களில் போட்டுவிட்டு புரோகிராம் கெர்னலுக்குள் போகும். பதிலும் ஆர்ஏஎக்ஸிலேயே வரும். மைனஸ் 2 வந்தால் அப்படி ஃபைலே இல்லை. மைனஸ் 13 வந்தால் அனுமதி இல்லை.

ஸ்ட்ரேஸ் நிற்பது இந்த வாசலில். 1991-ல் பால் கிரானென்பர்க் இதை சன்ஓஎஸ்ஸுக்காக எழுதினார், அப்புறம் லினக்ஸுக்கு வந்தது. பிட்ரேஸ் என்ற இன்னொரு சிஸ்டம் காலை வைத்து, புரோகிராம் உள்ளே போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அதை நிறுத்தி, ரெஜிஸ்டர்களைப் படித்து நமக்குப் புரியும்படி எழுதிக் காட்டுகிறது. ரீட் விஷயத்தில், படித்த தரவு என்ன என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரியும். அதனால் கமாவோடு நின்ற வரிக்கு ஒரே அர்த்தம்தான்: கேட்டாயிற்று, பதில் இன்னும் வரவில்லை.

சரி, அந்த 7 எது? புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலுக்கோ இணைப்புக்கோ உள்ள எண் அது. ஓடும் புரோகிராம்களின் விவரம் இருக்கும் புராக் டைரக்டரியில், இந்த எண்களைப் பட்டியலிடும் எஃப்டி பகுதியைப் பார்த்தால் அது ஒரு சாக்கெட், அதாவது நெட்வொர்க் இணைப்பின் ஒரு முனை. மறுமுனையில் இருந்தது டேட்டாபேஸ் சர்வர். அந்த மெஷின் அன்று இரவு திடீரென்று பவர் போய் ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. இணைப்பு முடிந்தது என்று சொல்ல அதற்கு நேரமே கிடைக்கவில்லை. எங்கள் புரோகிராமில் இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காதே என்னும் டைம்அவுட்டும் இல்லை, மறுமுனை இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும் கீப்அலைவும் இல்லை. இனி வரவே வராத பதிலுக்காக அது பொறுமையாகக் காத்திருந்தது.

லாக் என்பது எழுதியவருக்கு எது தோன்றியதோ அதை மட்டும் சொல்லும். புரோகிராம் கெர்னலிடம் என்ன கேட்டது என்பதை ஸ்ட்ரேஸ் அப்படியே காட்டிவிடும். அதனால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் இரண்டு முறை நிறுத்துவதால், சின்னச் சின்ன சிஸ்டம் கால்களாக ஆயிரக்கணக்கில் செய்யும் புரோகிராம் மிகவும் மெதுவாகிவிடும். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் சர்வரில் என்றால், கெர்னலுக்குள்ளேயே கணக்கெடுக்கும் ஈபிபிஎஃப் கருவிகள்தான் நல்லது.

மறுநாள் தம்பியே முப்பது நொடி டைம்அவுட் சேர்த்தான். எந்த சர்வர் பதில் தரவில்லை என்று இப்போது லாக்கிலேயே வந்துவிடுகிறது.