உடல் நிறை: சோற்றுக் கோப்பையும் குளக்கட்டு நடையும்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. குளக்கட்டு, பாடசாலை மைதானம், ஏ9 வீதியின் ஓரம் என்று எங்கும் நடக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று மாதம் நடந்தும் தராசு முள் அசையவில்லை என்று மனம் சோர்ந்து, நடையையே விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிறையைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு உணவினுடையது. நடை செய்யும் வேலை வேறு. அதுவும் உயிரைக் காக்கும் வேலைதான்.

முதலில் கணக்கு. நாம் ஒரு நாளில் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம், படுத்துக் கிடந்தாலும் செலவாகும். இதயம், ஈரல், மூளை, சிறுநீரகம் ஆகியவை ஓயாமல் இயங்க அது வேண்டும். உண்டதைச் சமிக்க இன்னும் 10 சதவீதம் அளவில் போகும். மிச்சம்தான் நடப்பது, குனிவது, கிணற்றில் தண்ணீர் அள்ளுவது எல்லாவற்றுக்கும். 70 கிலோ நிறையுள்ள ஒருவர் 5 கிலோமீற்றர் நடந்தால், சும்மா இருந்திருந்தால் செலவாகியிருப்பதைவிட ஏறக்குறைய 180 கலோரி கூடுதலாகச் செலவாகும். உடலில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்போ சுமார் 7,700 கலோரியைத் தாங்கி நிற்கிறது. வேறு எதையும் மாற்றாமல் நடையால் மட்டும் அதைக் கரைக்க, ஒரு நாளும் தவறாமல் ஆறு வாரம் நடக்க வேண்டும். நடந்து முடிந்து கடையில் ஒரு பணிசும் சீனி போட்ட பால்தேநீரும் எடுத்தால், அன்றைய 180 கலோரியும் அதற்கு மேலும் திரும்ப வந்துவிடும்.

இதற்குள் இன்னொரு சங்கதியும் உண்டு. கூடுதலாக உழைத்தால், அந்த உழைப்பு முழுவதும் அன்றைய மொத்தச் செலவில் அப்படியே சேர்வதில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பொன்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டது. அளந்த முறை அழகானது. ஐதரசன், ஒட்சிசன் இரண்டின் பாரமான வடிவங்கள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, பின்வரும் நாட்களில் சிறுநீரைச் சோதித்தார்கள். பாரமான ஐதரசன் உடலைவிட்டு நீராக மட்டுமே வெளியேறும். பாரமான ஒட்சிசன் நீராகவும் போகும், மூச்சில் காபனீரொட்சைட்டாகவும் போகும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்திலிருந்து, எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளிவந்தது என்பதையும், அதிலிருந்து எவ்வளவு சக்தி செலவானது என்பதையும் கணக்கிடலாம். நாள் முழுக்க நடந்து திரியும் அந்த மக்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கருத்தில் எடுத்துப் பார்த்தபோது, கதிரையில் இருந்து வேலை செய்யும் அமெரிக்கர்களின் செலவிலிருந்து வேறுபடவில்லை. உழைப்பு கூடும்போது உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பொன்ட்சரின் விளக்கம். அந்தச் சிக்கனம் எவ்வளவு என்பதில் விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனாலும் நடை இயந்திரத்தின் திரையில் தெரியும் கலோரி எண்ணை நம்பி, அதே அளவுக்கு உண்ணலாம் என்று நினைப்பது தவறு.

வன்னிக்கு வருவோம். அரிவு வெட்டும் சூடு மிதிப்பும் கையாலும் காலாலும் நடந்த காலத்தில், வயலுக்குப் போகிறவருக்குக் குவித்துப் போட்ட சோறு தேவையாகத்தான் இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு காலைப்பொழுதில் வயலை வெட்டி, நெல்லை மூட்டையாக்கித் தந்துவிடுகிறது. கடைக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில். சோற்றுக் குவியல் மட்டும் இறங்கவே இல்லை. 400 கிராம் சோறு ஏறத்தாழ 520 கலோரி. அதில் கால்வாசியை மதியமும் இரவும் குறைத்தால், வேளைக்கு 130 வீதம் 260 கலோரி. ஐந்து கிலோமீற்றர் நடையைவிட இது அதிகம். சிவப்பரிசி என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சிவப்பரிசியில் நார் கூட, பசி தாங்கும், இரத்தச் சீனியும் மெதுவாக ஏறும். கலோரி மட்டும் வெள்ளை அரிசிக்கு ஏறக்குறைய அதேதான். புட்டில் சோற்றைவிட நீர் குறைவு, தேங்காய்ப்பூவும் சேர்கிறது. ஆகவே அதே நிறையில் கலோரி இன்னும் கூட. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாப்பொருளும் புரதமும் 4. பொரியலைக் கறியாக்கினாலே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120 கலோரி மிச்சமாகும்.

குறைத்த சோற்றின் இடம் வெறுமையாக இருக்கக்கூடாது. முருங்கையிலையோ பொன்னாங்காணியோ ஒரு வறை, கத்தரிக்காய், பயற்றங்காய், குளத்து மீன், முட்டை, பருப்பு. வன்னியில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. புரதமும் நாரும் வயிற்றை நெடுநேரம் நிரப்பி வைக்கும். பசியோடு எழுந்து போகும் எந்த முறையும் நீடிக்காது.

இந்த மண்ணில் பசியைப் பற்றிப் பேசும்போது கவனமாகப் பேச வேண்டும். 2009இன் முதல் மாதங்களில், போரின் கடைசி நாட்களில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒரு தாயிடம் "சோற்றைக் குறையுங்கள் அம்மா" என்று சொல்வது சின்ன விடயமல்ல. பிள்ளையின் கோப்பையில் சோறு குறையக்கூடாது என்ற பதற்றம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். உடலுக்கும் அதே பதற்றம் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944–45இல் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடல் நிறையில் கால்வாசியை இழந்தார்கள். உடல் தன் செலவைச் சுருக்கியது. எந்நேரமும் உணவே நினைவாக இருந்தது. கட்டுப்பாடு நீங்கியதும் அடங்காப் பசியோடு உண்டார்கள். தானாகக் குறைத்த உணவையும் பஞ்சத்தையும் உடல் பிரித்தறியாது. கொழுப்பு குறைந்தால், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஓமோன் குறையும், பசி ஏறும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோ என்று மெல்லக் குறைப்பது நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் ஏமாறவும் வேண்டாம். ஈரலிலும் தசையிலும் மாப்பொருள் கிளைக்கோசனாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் கட்டுண்டு இருக்கும். முதலில் வெளியேறுவதில் பெரும்பங்கு அந்த நீர். வெயிலில் தடித்த உடுப்போடு ஓடி வியர்ப்பதால் குறைவதும் நீர்தான். ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். கொழுப்பு போகும் வழி மூச்சு. 10 கிலோ கொழுப்பு முழுதாகக் கரைந்தால் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சில் போகும், 1.6 கிலோ நீராகும் என்று ஆய்வாளர்கள் 2014இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

அப்படியானால் நடை எதற்கு? உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். குறையும் நிறையில் கால்வாசிவரை அப்படிப் போகலாம். பாரம் தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும் தசையைக் காக்கும். வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து குளுக்கோசை உள்ளே எடுக்கும். நீரிழிவு வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலத்தில் இதற்கு ஈடான மருந்து எனக்குத் தெரியவில்லை. தராசு அசையாமல் நிற்கும்போதும் ஈரலில் படிந்த கொழுப்பும் இரத்த அழுத்தமும் குறையலாம். ஆகவே தராசோடு இடுப்பளவையும் பாருங்கள். தெற்காசியரில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரை எட்டினாலே எச்சரிக்கை. குறைத்த நிறையைத் திரும்ப ஏறவிடாமல் பிடித்து வைப்பதிலும் நடையின் பங்கு பெரிது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேடு, குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் அப்படியே வைத்திருப்பவர்களைப் பின்தொடர்கிறது. அவர்களின் உடற்பயிற்சி சராசரியாக நாளுக்கு ஒரு மணிநேரம்.

போரில் கால் இழந்தவர்கள் நம்மிடையே பலர். செயற்கைக் காலோடு நடக்கும்போது அதே தூரத்துக்குக் கூடுதல் சக்தி செலவாகும், மூட்டும் தோலும் நோகும். நடக்க முடியாதவருக்கு நிறை குறைக்க வழியில்லை என்று யாராவது சொன்னால் அது பிழை. பெரும்பங்கு கோப்பையில்தான் இருக்கிறது. தசைக்கு, கதிரையில் இருந்தபடியே தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கி இறக்கலாம். சக்கர நாற்காலியைத் தானே உருட்டுவதும் நல்ல பயிற்சி.

நீரிழிவுக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் ஒரே நாளில் சோற்றைப் பாதியாக்கிவிடக்கூடாது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்குக் கணக்கிட்டது. இன்சுலினும் கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். கிளினிக் நாளன்று கொப்பியை நீட்டும்போதே எவ்வளவு சோறு குறைத்தீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று வைத்தியர் முடிவு செய்ய அந்த விவரம் தேவை.