பிழைக் குறியீட்டில் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்கணும்

பொக்லைன் திரையில் "எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4" என்று வருகிறது. 100 என்றால் எஞ்சின் ஆயில் பிரஷர். அது தெரிந்ததும் பலர் ஆயில் பிரஷர் சென்சாரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அடுத்த நாள் அதே குறியீடு மறுபடியும் வருகிறது.

கனரக வண்டிகளின் கணினிகள் பேசிக்கொள்ளும் எஸ்ஏஇ ஜே1939 முறையில் எஸ்பிஎன் எதைப் பற்றிய புகார் என்று சொல்லும். எஃப்எம்ஐ அது எந்த மாதிரிக் கோளாறு என்று சொல்லும். எஸ்பிஎன் 100-உடன் எஃப்எம்ஐ 1 வந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருப்பதாக இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) நம்புகிறது. உடனே எஞ்சினை அணைத்து, டிப்ஸ்டிக்கைப் பார்த்து, மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளக்க வேண்டும். எஃப்எம்ஐ 3 அல்லது 4 வந்தால் பிரஷரைப் பற்றி இசிஎம்முக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிக்னல் வோல்டேஜ் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அப்போது தேட வேண்டியது சென்சார், கனெக்டர், வயர், இசிஎம் ஆகியவை சேர்ந்த முழுச் சுற்றை.

கூலன்ட் வெப்பநிலை சென்சாரை (எஸ்பிஎன் 110) எடுத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். அதற்கு இரண்டே வயர். இசிஎம் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக சிக்னல் வயருக்கு 5 வோல்ட் வருகிறது. சென்சார் அந்த வோல்டேஜைக் கொஞ்சம் எர்த் பக்கம் இழுக்கிறது. குளிரில் அதன் ரெசிஸ்டன்ஸ் அதிகம், வோல்டேஜும் அதிகம். சூடு ஏற ஏற இரண்டும் இறங்கும். வயர் அறுந்துபோனால் இழுப்பதற்கு ஆளில்லை. வோல்டேஜ் 5-க்கு ஏறி எஃப்எம்ஐ 3 வரும். "வோல்டேஜ் அதிகம்" என்று திரையில் பார்த்துவிட்டு எங்கோ 24 வோல்ட் கலந்துவிட்டது என்று தேடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் விஷயம் அறுந்த வயர்தான். சிக்னல் வயர் உரசி பாடியைத் தொட்டால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வந்து எஃப்எம்ஐ 4 ஆகும்.

சோதிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. சாவியை ஆனில் வையுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எஃப்எம்ஐ 4 இருந்தால் சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். குறியீடு 3-ஆக மாறினால் வயரும் இசிஎம்மும் நன்றாக இருக்கின்றன. சென்சார் உள்ளே ஷார்ட். மாறாமல் 4-லேயே நின்றால் பெரும்பாலும் நடுவே வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. எஃப்எம்ஐ 3 இருந்தால், கழற்றிய கனெக்டரின் இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். 4-ஆக மாறினால் வயரிங் சரி. சென்சார் உள்ளே அறுந்திருக்கிறது (ஓப்பன்), இல்லையென்றால் பின் லூஸ். மாறவில்லை என்றால் பெரும்பாலும் வயர் அறுந்திருக்கிறது. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மூன்று வயர் பிரஷர் சென்சாரில் இப்படி இணைத்துப் பார்க்காதீர்கள், 5 வோல்ட் சப்ளையே எர்த் ஆகிவிடும். அங்கே கனெக்டரில் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 5 வோல்ட் வருகிறதா என்று மட்டும் அளந்து பாருங்கள். ஆயில், டர்போ பூஸ்ட், டீசல் ரயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாய்) பிரஷர் என்று மூன்று நான்கு குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்தால் சென்சார்கள் எல்லாம் சேர்ந்து சாகவில்லை. பல எஞ்சின்களில் அவற்றுக்கு 5 வோல்ட் சப்ளை பொது. ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவற்றையும் கீழே இழுத்துவிடும். மீட்டரை சப்ளையில் வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மீட்டர் 5-க்குத் தாவுகிறதோ அதுதான் குற்றவாளி. எதற்கும் தாவாவிட்டால் வயரிங்கில் தேடணும்.

எஃப்எம்ஐ 5, 6 கரண்ட் சம்பந்தப்பட்டவை; இன்ஜெக்டர், சோலனாய்டு போன்றவற்றில் வரும். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் வயரில் உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் இருக்கலாம், கை வைக்காதீர்கள்.

எஸ்பிஎன் 639 வந்தால் கேன் லைன், அதாவது கணினிகள் தகவல் பரிமாறும் இரண்டு வயர். பேட்டரி ஐசொலேட்டரை (மெயின் சுவிட்சை) அணைத்துவிட்டு, ஒன்பது பின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சி, டி பின்களுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இணையாக இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது. பூஜ்யம் பக்கம் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 என்றால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஓம் மீட்டரை எல்லாவற்றுக்கும் நம்ப முடியாது. தடித்த கேபிளில் ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் "நல்லது" என்றே காட்டும். லோடு வந்ததும் கைவிடும். அதனால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளையும் அது உட்காரும் இடத்தையும் கழற்றிச் சுரண்ட வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, பொருந்தாத குறியீடுகள் குவியும். ஆகவே முதல் வேலை பேட்டரியைப் பார்ப்பதுதான்: 24 வோல்ட் வண்டியில் ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஜோடி சுமார் 25.2 வோல்ட் காட்டும்.

வந்துபோகும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் கனெக்டர்தான். பிரஷர் வாஷ் அடித்த தண்ணீர், பின்னில் பூத்த பச்சைப் பொடி, கிளாம்ப் உரசிய இடம். இதில் மெக்கானிக்கின் கைவேலையும் உண்டு: தடித்த மீட்டர் புரோபைக் குத்திப் பார்த்து பெண் பின்னை (துளையுள்ள பின்னை) விரித்துவிடுவது, இன்சுலேஷனில் ஊசி குத்தி ஈரம் போக வழி விடுவது. அளவான பின்னைச் செருகித்தான் அளக்க வேண்டும். மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டு வயரிங்கை ஒரு ஜாண் ஒரு ஜாணாக ஆட்டிப் பாருங்கள்; எண் குதிக்கும் இடத்தில் டேப்பைப் பிரிக்கலாம்.

குறியீடுகளை அழிக்கும் முன், எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையோடு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழுது பார்த்த பிறகு அழித்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை லோடில் ஓட்டி, எது திரும்பி வருகிறது என்று பாருங்கள்.