மூன்றாம் மாதத்தில் நிறுத்தப்படும் மாத்திரை

கடந்த வாரம் ஒரு தந்தையும் மகளும் சேர்ந்தே என்னிடம் வந்தனர். தந்தை சென்ற ஆண்டு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு, இருமல் நின்றதும் மூன்றாம் மாதத்தில் தாமாகவே நிறுத்திவிட்டவர். இப்போது அவர் சளியில் மீண்டும் கிருமி தெரிகிறது; பதினோராம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் அதே நோய். "என் உடம்பு, மாத்திரை வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா, டாக்டர்?" என்றார். இதே கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால், கேட்டவர் அருகில் மகள் அமர்ந்திருந்தது இதுவே முதல் முறை.

அந்த வீட்டில் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருந்தார்களாம். தட்டில் பரவும் நோயன்று இது. ஒரே தட்டில் உண்டாலும், துணிகளைச் சேர்த்துத் துவைத்தாலும் பரவாது. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியை, சன்னல் சாத்திய அறையில் உடன் படுத்திருப்பவர் சுவாசிப்பதால்தான் பரவுகிறது. ஒதுக்க வேண்டாத மனிதரை ஒதுக்கிவிட்டு, விடக்கூடாத மாத்திரையை விட்டுவிடுகிறோம்.

ஒரு காலத்தில் காசநோயாளிகள் தாம்பரம் போன்ற சானடோரியங்களில் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடந்தனர். 1956இல் சென்னையில் தொடங்கி 1959இல் வெளியான ஆய்வுதான், நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து உண்டாலும் நோய் குணமாகும், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகுக்குக் காட்டியது. குடும்பத்தோடு இருக்கும் உரிமை நோயாளிக்குக் கிடைத்தது அந்த மாத்திரைகளால்தான். அவற்றை முழுமையாக உண்பதே அந்த உரிமைக்கு அவர் செலுத்த வேண்டிய கடன்.

உங்கள் அந்தரங்கத்தைக் காப்பது என் கடமை. 2012 முதல் ஒவ்வொரு நோயாளியையும் அரசுக்கு அறிவிக்கச் சட்டப்படி நான் கடமைப்பட்டிருந்தாலும், அத்தகவல் சுகாதாரத் துறைக்கே செல்லும். உங்கள் முதலாளிக்கோ பக்கத்து வீட்டாருக்கோ நான் சொல்ல மாட்டேன். ஆனால், உடன் வாழ்பவர்களிடம் நீங்கள் மறைக்காதீர்கள்.

வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இருமல் நின்றாலும் ஆறு மாதம்தான். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ வாந்தி தொடர்ந்தாலோ அன்றே வாருங்கள். வாயை மூடி இருமுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். நலமாகத் தெரிகிறார்கள் என்று வீட்டாரை விட்டுவிடாமல், எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு. ஊட்டச்சத்துக்காக அரசு தரும் மாதம் 1000 ரூபாயையும் கேட்டுப் பெறுங்கள்.

மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், நிறுத்தும் முன் ஒருமுறை மட்டும் என்னிடம் வாருங்கள். திட்ட மாட்டேன்.