இம்யூனிட்டி: இறையிலி முதல் நோயெதிர்ப்பு வரை

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே, வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்காக 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் இன்றும் இருக்கிறது. நீலகிரியில் வளர்ந்தவர்களுக்குத் தடுப்பூசி என்றதும் அந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊசி உடலில் எதை உண்டாக்குகிறதோ, அதற்கு நம்மிடையே ஒருமித்த பெயர் இல்லை. பேச்சில் அது ‘எதிர்ப்பு சக்தி’; பள்ளிப் பாடநூலில் ‘நோய்த்தடைக்காப்பு’; நாளிதழில் ‘நோய் எதிர்ப்பாற்றல்’; இலங்கைப் பாடநூலில் ‘நிர்ப்பீடனம்’; மருந்துக்கடைப் பலகையில் ‘இம்யூனிட்டி’. இவற்றுள் எது தகும் என்பதை, அந்த ஆற்றல் உயிர்களிடத்தில் எப்படித் தோன்றி வளர்ந்தது என்று பார்க்காமல் முடிவு செய்ய இயலாது.

முதலில் அயற்சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீனில் ‘மூனுஸ்’ என்றால் ஒரு குடிமகன் ஊருக்கும் அரசுக்கும் செய்தாக வேண்டிய கடமை. எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்த ‘இம்மூனிஸ்’ அக்கடமையிலிருந்து விலக்குப் பெற்றவனைக் குறித்தது. உரோமப் பேரரசில் வரி செலுத்தத் தேவையில்லாத நகரங்களுக்கும், குழி வெட்டுதல் போன்ற அன்றாடப் பணிகளிலிருந்து விடுபட்ட படைவீரர்களுக்கும் இதுவே பெயர். இந்தப் பொருளுக்கு நேரான தமிழ்ச்சொல்லைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலம் ‘இறையிலி’ எனப்படுகிறது. இறை என்பது வரி. அது இல்லாதது இறையிலி. சொல்லமைப்பிலும் பொருளிலும் இம்மூனிஸுக்கு இவ்வளவு நெருக்கமான இன்னொரு தமிழ்ச்சொல்லை நான் கண்டதில்லை.

வரிவிலக்கைக் குறித்த சொல் நோய்க்கு வந்த வழி எளிது. கி.மு. 430இல் ஏதென்சைத் தாக்கிய கொள்ளைநோயை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ், பிழைத்தவர்களை அந்நோய் இரண்டாம் முறை உயிர்போகும் அளவுக்குத் தாக்கவில்லை என்றும், அவர்களே மற்றவர்களுக்குப் பரிவுடன் துணைநின்றனர் என்றும் குறித்தார். அம்மை கண்டு மீண்டவருக்கு மறுபடி அம்மை வருவதில்லை என்பதும் உலகெங்கும் அறிந்த செய்தியாக இருந்தது. ஒருமுறை செலுத்தியவருக்கு மறுமுறை வரியில்லை என்பது போன்ற இந்த நிலையை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்டரும் அவர் காலத்து ஆய்வாளர்களும் விலக்கைக் குறித்த பழைய சொல்லாலேயே சுட்டினர். இங்கே தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் வயதானவர்கள் தடுப்பூசி போடுவதை ‘அம்மை குத்துவது’ என்றே சொல்வதும் அதே அனுபவத்தின் எச்சம்தான்.

ஆகவே இம்யூனிட்டி என்ற சொல், நோயை ஒருமுறை கண்ட உடல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்ற உண்மையிலிருந்து பிறந்தது. இந்த நினைவாற்றல் முழு அளவில் முதுகெலும்பிகளுக்கே உரியது. விலங்கினங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு முதுகெலும்பற்றவை. புழுவும் பூச்சியும் நத்தையும் நண்டும் இந்த விலக்கைப் பெறாமலே பல கோடி ஆண்டுகளாகக் கிருமிகளின் நடுவே வாழ்ந்து வருகின்றன என்றால், அவற்றைக் காப்பது எது?

1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் உயிரியல் ஆய்வாளர் இலியா மெச்னிகோவ் இதற்கு விடை கண்டார். நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரிக்குள் தோட்டத்து முள் ஒன்றைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் அம்முள்ளைச் சுற்றி, இடம்பெயர்ந்து நகரும் செல்கள் மொய்த்திருந்தன. அந்தச் செல்களுக்கு, உண்ணுதல் என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து ‘பேகோசைட்’ என்ற பெயர் அமைந்தது. நம் பாடநூல்களில் வரும் ‘விழுங்கு செல்’ அதன் தெளிவான தமிழாக்கம். 1908இல் அவர் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முள்ளின் வேலையை நம் மலையிலேயே பார்க்கலாம். தோட்டத்து வேலியோரம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. சென்ற மழைக்காலத்தில், தேயிலையைத் தின்னும் காவடிப்புழு ஒன்று உண்ணி முள்ளில் கிழிபட்டுக் கிடந்ததைக் கண்டேன். காயத்தில் இளம்பச்சையாக ஒரு துளி கசிந்து நின்றது. அடுத்த வரிசையில் கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பியபோது அந்தத் துளி உறைந்து, ஊசிமுனையால் மை தொட்டு வைத்தது போன்ற கரும்புள்ளியாகியிருந்தது. பூச்சியின் உடல்நீரில் உறங்கிக் கிடக்கும் நொதி ஒன்று காயம்பட்டதும் விழித்தெழுந்து மெலனின் நிறமியை உண்டாக்குகிறது. அது காயத்தை அடைப்பதோடு உள்ளே நுழைந்த கிருமியையும் கருங்கூட்டில் வைத்து மூடிவிடுகிறது. அதே முள் கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரலில் தைத்தால், விரல் சிவந்து வீங்கிப் பின்னர் சீழ் வைக்கும். அந்தச் சீழின் பெரும்பகுதி, கிருமியை விழுங்க வந்து மடிந்த வெள்ளணுக்களே. காவடிப்புழுவுக்கும் மனித விரலுக்கும் வழிமுறை வேறு. வந்த பொருள் அயலானது என்று உணர்ந்து உடனே எதிர்கொள்ளும் அடிப்படை இரண்டுக்கும் பொது.

அந்தப் பொதுமையின் ஆழம் 1996இல் வெளிப்பட்டது. ‘டோல்’ என்பது பழ ஈயின் கரு வளர்ச்சிக்குத் தேவையான மரபணுவாகவே அதுவரை அறியப்பட்டிருந்தது. அதன் விந்தையான விளைவைக் கண்ட ஜெர்மானிய ஆய்வாளர் வியந்து சொன்ன சொல்லே அதற்குப் பெயராயிற்று. அது பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றுக்கு எளிதில் பலியாவதை ஜூல் ஹாஃப்மனின் குழு காட்டியது. இதை ஒத்த, கிருமியை இனங்காணும் உணரிப் புரதங்கள் மனிதரிடமும் உள்ளன என்பது விரைவிலேயே தெரியவந்தது. மனிதரிடம் இவ்வகை 10. முதுகெலும்பற்ற கடலுயிரியான கடல் முள்ளெலியின் மரபணுத்தொகுதியை 2006இல் படித்தபோது அதில் 222 இருந்தன. முதுகெலும்பற்றவை எளிய தற்காப்புடையவை என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

நினைவு கொள்ளும் இரண்டாம் அடுக்கு ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், தாடையுள்ள மீன்களின் முன்னோரிடத்தில் தோன்றியது. ‘ராக்’ எனப்படும் இரு மரபணுக்கள், கிருமியை அடையாளம் கண்டு பற்றும் புரதமான எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) எழுதும் மரபணுத் துண்டுகளை வெட்டிப் புதிது புதிதாக ஒட்டுகின்றன. அதனால் முன்பின் கண்டிராத கிருமியையும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் ஏதேனும் ஒரு செல்லில் அமைந்துவிடுகிறது. ராக், மரபணுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் ஒரு டி.என்.ஏ. துண்டிலிருந்து வந்தது என்பதற்கு, ஆம்பியாக்சஸ் என்ற சிறு கடலுயிரியில் 2016இல் கண்டறியப்பட்ட அதன் உறவுத்துண்டு வலுவான சான்று. தாடையற்ற லாம்ப்ரே மீனிடம் எதிர்ப்பொருளே இல்லை. அது முற்றிலும் வேறு புரதத்தைக் கொண்டு அதே வேலையைச் செய்கிறது என்று 2004இல் தெரிந்தது. முதுகெலும்பிகளின் மரபு ஒரே தேவைக்கு இரு தனி வழிகளைக் கண்டிருக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இப்போது சொல்லுக்குத் திரும்பலாம். விலக்கு என்ற பொருளுடைய மூலச்சொல் புழுவுக்குப் பொருந்தாது. அது ஒவ்வொரு முறையும் போராடித்தான் பிழைக்கிறது. ‘தடுப்பு’ என்பது நோய் வருமுன் மனிதர் செய்யும் செயலுக்கு ஏற்கெனவே உரிமையாகிவிட்டது. ‘நோய்த்தடைக்காப்பு’ குறையற்றது, ஆனால் தடையும் காப்பும் அடுத்தடுத்து நின்று சொல்லைக் கனமாக்குகின்றன. ‘ஏமம்’ என்ற பழஞ்சொல்லைச் சிலர் பரிந்துரைப்பர். “பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்” என்று வள்ளுவர் நாட்டின் அணிகள் ஐந்தை அடுக்கும்போது பிணியின்மையும் ஏமமும் ஒரே அடியில் வருகின்றன. எனினும் அங்கே இரண்டும் தனித்தனி அணிகள். ஏமம் பொதுவான பாதுகாவலையே குறிக்கிறது. அழகிய சொல்லாயினும் நோயைச் சார்ந்த பொருளை அதன்மேல் ஏற்றுவது வலிந்து செய்வதாகும். ‘நோயெதிர்ப்பு’ என்பதே விழுங்கு செல்லையும் கரும்புள்ளியையும் எதிர்ப்பொருளையும் ஒருங்கே தழுவும். பிரித்துச் சொல்லும்போது, பிறவியிலேயே உள்ளதை ‘இயல்பு நோயெதிர்ப்பு’ என்றும், நோயாலோ ஊசியாலோ வாய்ப்பதை ‘பெற்ற நோயெதிர்ப்பு’ என்றும் எழுதலாம்.

ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். தேனீயைப் பற்றிய கட்டுரைகளில் ‘தேனீயின் எதிர்ப்பொருள்’ என்று எழுதுவதைக் காண்கிறேன். பூச்சிகளுக்கு எதிர்ப்பொருள் கிடையாது. அவற்றிடம் உள்ளவை கிருமியைக் கொல்லும் சிறு புரதத் துணுக்குகள். ஆயினும் நோயுண்டாக்கும் பாக்டீரியாவின் துணுக்குகளை அரசித் தேனீ தன் முட்டைகளுக்குக் கடத்தி, பிறக்கும் புழுக்களை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துகிறது. இந்த வழியைப் பயன்படுத்தும் தேனீ மருந்து ஒன்றுக்கு அமெரிக்க வேளாண்துறை நிபந்தனையுடன் உரிமம் வழங்கியது 2023 சனவரியில் அறிவிக்கப்பட்டது. அதை வேலைக்காரத் தேனீக்களுக்கு உணவில் கலந்து தருவார்கள். அவை சுரக்கும் கூழ் வழியாக அது அரசியைச் சென்றடையும். ஊசியே இல்லாத அதைத் ‘தேனீத் தடுப்பூசி’ என்று எழுதாமல் ‘தேனீத் தடுப்பு மருந்து’ என்று எழுதுவதே சரி.